நார்வே ஃபியோர்டுகளுக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, நடுவே கரும்பச்சைத் தண்ணீர், அதில் பொட்டு மாதிரி ஒரு படகு. இந்தப் படத்தை போனில் வால்பேப்பராக வைத்திருப்பவர்கள் ஏராளம். அடுத்து அவர்கள் கேட்பதெல்லாம் இதுதான்: இது எங்கே இருக்கிறது, எப்போது போவது, எவ்வளவு ஆகும்? மேற்கு நார்வேயை மையமாக வைத்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஐந்து ஃபியோர்டுகளை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட, ஒன்றின் கரையில் நான்கு நாள் தங்குவது மேல் என்று நினைக்கிற ஆள் நான். பதில்களில் அந்தச் சாய்வு தெரியும்.

ஃபியோர்டு என்பது ஆறா, ஏரியா, கடலா?

கடல்தான். பனியுகங்களில் மலைப் பள்ளத்தாக்குகள் வழியே பனியாறுகள் மெதுவாக நகர்ந்து இறங்கின. பல நூறு மீட்டர் தடிமனான பனிக்கட்டி, அடியில் பாறைத் துண்டுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நகர்ந்தால் என்ன ஆகும்? பள்ளத்தாக்கின் தரையையும் சுவரையும் ராவித் தள்ளியது. பனி உருகிப் பின்வாங்கியதும் அந்தப் பள்ளத்துக்குள் கடல் புகுந்துகொண்டது. அதனால்தான் கடற்கரையிலிருந்து நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் உள்ளே, ஆப்பிள் தோட்டத்துக்குப் பக்கத்தில் உப்புத் தண்ணீர் கிடக்கிறது.

நார்வேயின் மிக நீளமான சோக்னஃபியோர்டு சுமார் 205 கிலோமீட்டர் உள்ளே போகிறது. ஆழமான இடத்தில் 1,300 மீட்டர். ஆனால் அது கடலோடு சேரும் வாயருகே ஆழம் 200 மீட்டர்கூட இல்லை. கடலை நெருங்கும்போது பனியாறு அகன்று, மெலிந்து, குடையும் பலத்தை இழந்துவிட்டது. இழுத்து வந்த கல்லையும் மண்ணையும் அங்கேயே கொட்டிவிட்டது. உள்ளே பாதாளம், வாசலில் ஒரு படி. இதுதான் ஃபியோர்டின் அடையாளம்.

துபாயிலிருந்து முசந்தம் போயிருக்கிறோம். அதையும் 'அரேபியாவின் நார்வே' என்றார்களே?

ஓமானின் முசந்தம் அருமையான இடம், படகுச் சவாரிக்கு டால்பினும் கூட வரும். ஆனால் அங்கே பனியாறு எதுவும் குடையவில்லை. நிலத்தட்டு அழுந்தி நிலமே தாழ்ந்ததால், மலைப் பள்ளத்தாக்குகளுக்குள் கடல் ஏறிவிட்டது. மான்டினீக்ரோவின் கோட்டோர் விரிகுடாவையும் இப்படித்தான் ஃபியோர்டு என்று விற்கிறார்கள். அது மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்கு. மறுபக்கம், நியூசிலாந்தின் மில்ஃபோர்ட் சவுண்டு பெயரில் வேறு ஏதோ போலத் தோன்றினாலும் அசல் ஃபியோர்டு. கிரீன்லாந்து, சிலி, அலாஸ்கா என்று பனி குடைந்த கரையெல்லாம் ஃபியோர்டு உண்டு. ஆனால் ரயிலில் போய் இறங்கி, ஊர்க்காரர்களோடு படகில் ஏறி, கரையில் வீடு பிடித்துத் தங்குகிற வசதி நார்வேயில் இருப்பதுபோல மற்ற இடங்களில் அவ்வளவாக இல்லை.

தண்ணீர் அந்தப் பச்சை நிறத்தில் இருப்பது போட்டோஷாப்பா?

பாதி நேரம் இல்லை. பனியாறு பாறையை அரைத்த மாவு, உருகும் நீரோடு கலந்து வந்து தண்ணீரில் மிதக்கிறது. வெயில் படும்போது பாலில் கலந்த பச்சையாகத் தெரியும். கோடையில் பனி உருகும் பகுதிகளில்தான் இது எடுப்பாக இருக்கும். ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பெரிய பனியாறான யோஸ்டெடால்ஸ்பிரீனின் நீர் வந்து சேரும் லுஸ்டர்ஃபியோர்டு இதற்கு நல்ல உதாரணம். மேகம் மூடிய நாளில் அதே தண்ணீர் ஈயக் கலருக்கு மாறிவிடும்.

இத்தனை ஃபியோர்டு இருக்கிறதே, எதற்குப் போவது?

கேட்கிற எல்லோரும் கெய்ராங்கர் என்ற பெயரோடு வருகிறார்கள். அதில் தப்பில்லை. கெய்ராங்கர்ஃபியோர்டும் நேரோய்ஃபியோர்டும் 2005-இல் சேர்ந்தே யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியவை. கெய்ராங்கர் 15 கிலோமீட்டர் நீளம்தான், ஆனால் அந்தப் பதினைந்தில் இயற்கை கஞ்சத்தனமே காட்டவில்லை. ஏழு சகோதரிகள் என்ற அருவி ஒரு பக்கச் சுவரில் ஏழு இழையாக விழுகிறது, உயரமான வீழ்ச்சி 250 மீட்டர். எதிர்ச்சுவரில் தனியாக ஒரு அருவி, பெயர் 'மாப்பிள்ளை'. ஏழு பேரையும் பெண் கேட்டு ஏழு பேரும் மறுத்துவிட்டார்களாம். ஆகஸ்ட் கடைசியில் போனால் சகோதரிகளில் பாதிப் பேர் வற்றிப்போயிருப்பார்கள், அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

நேரோய்ஃபியோர்டு குறுகலானது. மிக ஒடுங்கிய இடத்தில் அகலம் 250 மீட்டர். மேலே மலைகள் 1,700 மீட்டருக்கும் மேல். படகின் மேல்தளத்தில் நின்றால் வானம் ஒரு பட்டையாகத்தான் தெரியும். சோக்னஃபியோர்டின் கிளையின் கிளை இது. தலைநகர் ஓஸ்லோவிலிருந்தோ மேற்குக்கரை நகரான பெர்கனிலிருந்தோ ரயிலிலேயே வந்துவிடலாம் என்பதால் கார் ஓட்டாதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஹார்டாங்கர் வேறு ரகம். சரிவெல்லாம் ஆப்பிள், செர்ரி, பிளம் தோட்டங்கள். மே மாதத்தின் பின்பாதியில் அத்தனையும் பூத்திருக்கும், மேலே மலைமுடியில் பனி இன்னும் உருகாமல் இருக்கும். மிரட்டுகிற அழகு வேண்டாம், குடியிருக்கத் தோன்றுகிற அழகு வேண்டும் என்பவர்களுக்கு ஹார்டாங்கர்.

லீசஃபியோர்டுக்குப் பலர் போவது தண்ணீரைப் பார்க்க அல்ல, அதன் மேலே 604 மீட்டரில் நீட்டிக்கொண்டிருக்கும் பிரெய்க்கஸ்டோலன் பாறைக்காக. அதைப் பற்றிக் கீழே தனியாக.

நான்கையும் ஒரே வாரத்தில் பார்க்க முடியுமா என்று கேட்டால், முடியும். கார் கண்ணாடி வழியாக.

எந்த மாதம் போவது?

மே பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை. இதற்குள்ளேயும் வித்தியாசம் உண்டு.

மே கடைசியும் ஜூனும் அருவிக்காரர்களுக்கு. குளிர்காலப் பனி முழுவதும் உருகி இறங்குகிற நேரம் என்பதால், பெயரில்லாத ஓடைகூட அருவியாக விழுந்துகொண்டிருக்கும். ஆனால் உயரமான மலைச்சாலைகள் சில அப்போதுதான் பனியை அகற்றித் திறக்கப்படும், நீண்ட மலை நடைகளும் பனியில் கிடக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் எல்லாம் திறந்திருக்கும், கூட்டமும் விலையும் கூடவே. பகல் வெப்பம் பெரும்பாலும் 12-லிருந்து 20 டிகிரி. செப்டம்பர் என் தேர்வு: பிர்ச் மரங்கள் மஞ்சளாகும், அறை வாடகை இறங்கும், பாதையில் முட்டி மோத ஆள் இருக்காது.

குளிர்காலத்தில் ஃபியோர்டு பொதுவாக உறையாது. அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் அந்தக் கரையைத் தொட்டுப் போகிறது. நேரோய்ஃபியோர்டுக்குப் படகு கிளம்பும் ஃப்ளோம் கிராமத்திலிருந்து வருடம் முழுவதும் படகு ஓடுகிறது. ஆனால் டிசம்பரில் பெர்கனில் பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது, சுவர் மாதிரி மலை நிற்கிற இடங்களில் சூரியன் எட்டிப் பார்ப்பதே அரிது. முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

போன நாளெல்லாம் மழையாக இருந்தால்?

இருக்கும். எல்லா நாளும் இல்லாவிட்டாலும் சில நாள் நிச்சயம் இருக்கும். ஈரக்காற்று கடலிலிருந்து வந்து முதலில் முட்டுவது இந்த மலைகளில்தான். பெர்கனில் வருடத்துக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. 2006 அக்டோபர் கடைசியிலிருந்து 2007 ஜனவரி வரை அங்கே தொடர்ந்து 85 நாள் மழை பெய்திருக்கிறது. நம் ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. நசநசவென்று பெய்துகொண்டே இருக்கும்.

ஒரே இடத்தில் நான்கு நாள் தங்குங்கள் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். ஒரு நாள் மட்டும் ஒதுக்கி, அன்று மேகம் தண்ணீர் வரை இறங்கிவிட்டால் நீங்கள் பார்க்கப்போவது வெள்ளைச் சுவர். நான்கு நாள் இருந்தால் எப்படியும் ஒரு பொழுதாவது திறந்துகொள்ளும். மழை விட்ட ஒரு மணி நேரத்தில் சுவரெங்கும் புதுசு புதுசாக வெள்ளைக் கோடுகள் முளைத்திருக்கும். அந்தக் காட்சிக்காகவே மழை பெய்யட்டும் என்று நினைப்பவர்களும் உண்டு.

குடை வேண்டாம், காற்று அதைப் பிய்த்துவிடும். மேலும் கீழும் நல்ல மழையுடை, உள்ளே கம்பளி பனியன். பருத்தி நனைந்தால் காயாது, உடம்பின் சூட்டையும் சேர்த்து உறிஞ்சிவிடும். ஜீன்ஸை பெர்கன் நகரச் சுற்றலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கார் எடுக்க வேண்டுமா, ரயிலும் படகும் போதுமா?

முதல் தடவை என்றால் ரயிலும் படகும் போதும். ஓஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இடையே ஓடும் பெர்கன் பாதை 1909-இல் திறக்கப்பட்டது. ஃபின்ஸே நிலையத்தில் 1,222 மீட்டர் உயரம் தொடுகிறது. நடுவழியில் மிர்டாலில் இறங்கினால் எதிர்ப்புறம் ஃப்ளோம் ரயில் நிற்கும்.

ஃப்ளோம் ரயில் 20 கிலோமீட்டர்தான். அந்த 20 கிலோமீட்டருக்குள் 866 மீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்குகிறது. மொத்தம் 20 சுரங்கங்கள். அதில் 18 கையால் குடைந்தவை. பற்சக்கரம் எதுவும் இல்லாமல் சாதாரணத் தண்டவாளத்திலேயே ஓடுகிறது என்பதுதான் ரயில் பிரியர்களை வாய்பிளக்க வைக்கும் விஷயம். வழியில் கியோஸ்ஃபோஸ் அருவியருகே வண்டி சில நிமிடம் நிற்கும். எல்லோரும் மரத்தளத்துக்கு இறங்குவார்கள், தளம் முழுக்கச் சாரலில் நனைந்து வழுக்கும், போன் கண்ணாடியில் நீர்த்துளி படியும். திடீரென்று ஸ்பீக்கரில் பாட்டு கிளம்பும். அருவிக்குப் பக்கத்தில் இடிந்த சுவரின் மேல் சிவப்பு உடையில் ஒரு பெண் ஆடுவாள், மறைவாள், வேறொரு மூலையில் முளைப்பாள். ஆட்களை மயக்கி மலைக்குள் இழுத்துப்போகும் ஹுல்ட்ரா என்ற நார்வே மோகினியாம். கோடையில் மட்டும் இந்த நாடகம். கொஞ்சம் அசட்டுத்தனம்தான், ஆனாலும் யாரும் கண்ணை எடுப்பதில்லை.

ஃப்ளோமிலிருந்து கூட்வாங்கனுக்குப் படகு, அங்கிருந்து வொஸ் நகருக்குப் பேருந்து, பிறகு பெர்கனுக்கு ரயில். இந்தச் சங்கிலி முழுவதையும் ஒரே நாளில் பேக்கேஜாக விற்கிறார்கள். அதே ரயிலையும் படகையும் நீங்களே தனித்தனியாகப் பதிவு செய்து, ஃப்ளோமில் அல்லது பக்கத்து ஆவுர்லாந்தில் தங்கி, இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உல்லாசக் கப்பல் கூட்டம் சாயங்காலம் கிளம்பிய பிறகுதான் ஃப்ளோம் ஒரு கிராமம் என்பதே தெரியும்.

கெய்ராங்கர், வடக்கே உள்ள லோஃபோடன் தீவுகள் போன்ற இடங்களுக்குக் கார் இருந்தால் சுகம். வலப்பக்கம் ஓட்ட வேண்டும், பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும், சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கையோடு கொண்டு போங்கள். ஊருக்கு வெளியே வேக வரம்பு பொதுவாக மணிக்கு 80. ஆனால் வளைவும் கார்ப் படகும் சேர்ந்து சராசரியை ஐம்பது அறுபதுக்கு இழுத்துவிடும். மேப்பில் கைவிரல் அகலமாகத் தெரியும் தூரத்துக்கு அரை நாள் போகும்.

சாலைகளே ஒரு பார்வை. ட்ரோல்ஸ்டிகன் 1936-இல் திறந்த 11 கொண்டையூசி வளைவுப் பாதை. குளிர்காலத்தில் மூடுவார்கள். பாறை உருளும் அபாயத்தால் கோடையிலும் மூடலாம், 2024 சீசனின் பெரும்பகுதி அப்படித்தான் போனது. அதனால் அதை நம்பி மட்டும் திட்டம் போடாதீர்கள். ஆவுர்லாந்துக்கும் லேர்டாலுக்கும் நடுவே உலகிலேயே நீளமான சாலைச் சுரங்கம் இருக்கிறது, 24.5 கிலோமீட்டர், 2000-இல் திறந்தது. ஓட்டுநருக்குத் தூக்கம் வந்துவிடக்கூடாது என்று நடுநடுவே நீல வெளிச்சம் போட்ட குகைகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். பனி இல்லாத காலத்தில் சுரங்கத்தை விட்டுவிட்டு மேலே மலைச்சாலையில் போங்கள். வழியில் ஸ்டேகஸ்டைன் காட்சிமேடை, ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேலே, மலையை விட்டு 30 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

செலவு நிஜமாகவே அவ்வளவு ஆகுமா?

ஆகும். நார்வே நாணயமான குரோனர் ஒன்று 2025-இல் எட்டு, ஒன்பது ரூபாய்க்குள் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு காபியே நாற்பது, ஐம்பது குரோனர். ஹோட்டலில் தங்கி, மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டால் சுவிட்சர்லாந்துக்குக் குறையாது.

குறைக்க வழி இருக்கிறது. முதலாவது, தங்குமிடம். முகாம் மைதானங்களில் ஹிட்டே எனப்படும் மரக்குடில்கள் கிடைக்கும். நான்கு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, குளிர்பெட்டி, வெளியே ஒரு மேசை. கழிப்பறையும் குளியலும் பொதுவில். போர்வை, விரிப்பு நீங்களே கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் அதற்குத் தனி வாடகை. ஆனால் பெரும்பாலும் தண்ணீரை ஒட்டியே இருக்கும். நட்சத்திர ஹோட்டல்காரர்கள் எட்டிப் பார்க்கும் காட்சி உங்கள் வாசலில் இருக்கும்.

இரண்டாவது, படகு. சுற்றுலாப் படகுக்குப் பதில் ஊர்க்காரர்களும் பயன்படுத்தும் படகைப் பாருங்கள். ஹெல்லசில்ட்டுக்கும் கெய்ராங்கருக்கும் இடையே சீசனில் ஓடும் கார்ப் படகு, ஏழு சகோதரிகளுக்கு முன்னால்தான் போகிறது. காரில்லாமல் நடந்தும் ஏறலாம்.

மூன்றாவது, கிவி, ரேமா 1000 போன்ற பல்பொருள் அங்காடிகளில் வாங்கிச் சமைப்பது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். குழாய்த் தண்ணீர் அப்படியே குடிக்கலாம், பாட்டிலுக்குச் செலவழிப்பது வீண். இயற்கையைப் பார்க்க எங்கும் நுழைவுச்சீட்டு கிடையாது. ஆனால் பிரபலமான மலைப்பாதைகளின் அடிவாரத்தில் பார்க்கிங் கட்டணம் அந்த மலையைவிட மலைக்க வைக்கும்.

விசா?

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் வட்டத்தில் இருக்கிறது. அதனால் ஷெங்கன் விசா போதும். அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடை நேர்காணல் தேதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஜூனில் போக ஏப்ரலில் யோசிக்க ஆரம்பிப்பது தாமதம்.

பிரெய்க்கஸ்டோலன், ட்ரோல்துங்கா பாறைகளுக்கு நாங்கள் ஏற முடியுமா?

இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

பிரெய்க்கஸ்டோலன் போய்வர சுமார் எட்டு கிலோமீட்டர், நான்கைந்து மணி நேரம். வாரத்தில் நான்கு நாள் நடைப்பயிற்சி போகிறவர், நல்ல ஷூ இருந்தால், நிதானமாக ஏறிவிடலாம். செங்குத்தான இடங்களில் பெரிய பெரிய கற்படிகள் இருக்கும். நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பாக்கள் அடுக்கியவை; நார்வேயின் பல மலைப்பாதைகளில் அவர்கள் கைவேலை இருக்கிறது. உச்சியில் சுமார் 25 மீட்டருக்கு 25 மீட்டர் சமதளம். விளிம்பில் கம்பி, தடுப்பு எதுவும் இல்லை. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. காலைத் தொங்கப்போட்டுப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்து நீங்களும் உட்கார வேண்டிய அவசியமில்லை. பாறைக்குப் பின்னால் கொஞ்சம் ஏறினால் அங்கிருந்து முழுப் பாறையும் ஃபியோர்டும் சேர்ந்து தெரியும், படமும் அங்கிருந்துதான் நன்றாக வரும்.

ட்ரோல்துங்கா என்பது நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, போய்வர 27 கிலோமீட்டருக்குக் குறையாது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம். மேல் பார்க்கிங் வரை போய் இறங்கினால் 20 கிலோமீட்டராகக் குறையும். ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் வழிகாட்டி இல்லாமல் போகலாம். கீழே தெரிவது ஃபியோர்டு அல்ல, ரிங்கெடால்ஸ்வாட்னெட் என்ற ஏரி, 700 மீட்டர் கீழே. படத்தில் அந்த நாக்கில் தனியாக ஒருவர் நிற்பார். அவருக்குப் பின்னால், படத்துக்கு வெளியே, தன் முறைக்காக நிற்கும் வரிசை ஜூலையில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளும். மலை நடைப் பழக்கம் இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம், ஒன்றும் குறைந்துபோகாது.

நார்வேக்காரர்களிடம் மலைக்கென்று ஒன்பது விதிகள் உண்டு. நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது எட்டாவது. அவர்களே அதைக் கடைப்பிடிக்கிறார்கள். காலை வெயிலாக இருந்த மலை மதியம் மூடுபனியில் மறைவது அங்கே தினசரி நடப்பது.

அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர்களைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஃபியோர்டின் சிறப்பே அதுதான், உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஃப்ளோம் ரயில், படகு, ஸ்டேகஸ்டைன் பேருந்து எல்லாம் அவர்களுக்குச் சரி. பெர்கனில் ஃப்ளோய்பானன் இழுவை ரயில் 320 மீட்டர் உச்சிக்குச் சில நிமிடத்தில் கொண்டுபோய் விடும். படகின் மேல்தளத்தில் கோடையிலும் காற்று அறுக்கும். காதை மூடுகிற குல்லாய் மறக்க வேண்டாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ஓஸ்லோ, பெர்கன், ஸ்டவாங்கரில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. சின்ன ஊர்களில் பீட்சா, உருளை வறுவல், சாலட் என்று சுற்றிவருவீர்கள். குடிலில் சமைப்பதே நிம்மதி. அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல் பொடி, ரசப்பொடி கொண்டு போங்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரத் தடை இருக்கிறது. ஆகவே நெய் பாட்டிலும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும்.

மேற்குக் கரைக் கார்ப் படகுகளில் ஸ்வேலே என்று ஒரு பண்டம் விற்பார்கள். தடித்த, மெத்தென்ற அப்பம், பாதியாக மடித்து உள்ளே வெண்ணெயும் சர்க்கரையும், அல்லது பழுப்புச் சீஸும். முட்டை சேர்ந்தது. கண்ணாடி ஓரம் நின்று சூடாகச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும். பழுப்புச் சீஸ் இனிப்பாக, கொஞ்சம் திரட்டுப்பால் வாடையோடு இருக்கும். ஆவுர்லாந்தை அடுத்த உண்ட்ரெடால் கிராமம் ஆட்டுப்பாலில் அதைச் செய்வதற்குப் பேர்போனது. ஊருக்கு 1988 வரை சாலையே இல்லை, படகுதான். அங்கே 12-ஆம் நூற்றாண்டு மரத்தேவாலயம் ஒன்று இருக்கிறது, நாற்பது பேர் உட்காரலாம்.

படகிலிருந்து பார்த்தால் பாதி மலையில் வீடுகள் தெரிகிறதே. அங்கே யார் இருந்தார்கள்?

விவசாயிகள். கெய்ராங்கர்ஃபியோர்டின் இரு சுவர்களிலும், தண்ணீரிலிருந்து 250 மீட்டரிலும் அதற்கு மேலும், ஒரு விளிம்பில் ஒட்டிக்கொண்டு ஸ்காகஃப்ளோ, க்னிவ்ஸ்ஃப்ளோ, ப்ளோம்பெர்க் போன்ற பண்ணைகள் இருந்தன. ஆடு வளர்த்தார்கள், சரிவில் புல் அறுத்தார்கள், வேண்டிய எல்லாவற்றையும் படகிலிருந்து முதுகில் சுமந்து ஏறினார்கள். குழந்தைகள் உருண்டுவிடாமல் கயிற்றால் கட்டி வைத்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஸ்காகஃப்ளோவில் ஏறும் வழியில் ஒரு ஏணி இருந்தது, வரி வசூலிப்பவர் வருவது தெரிந்தால் அதை மேலே இழுத்துக்கொள்வார்கள் என்பது இன்னொரு கதை. கதையாகவே இருக்கட்டும், ஆனால் அந்த இடத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

க்னிவ்ஸ்ஃப்ளோ குடும்பங்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளம்பிவிட்டன. வீட்டுக்கு மேலே தொங்கிய பாறை எப்போது விழுமோ என்ற பயம். மற்றவையும் ஒவ்வொன்றாகக் காலியாயின. இப்போது தன்னார்வலர்கள் கூரைகளைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். அரசர் ஹரால்டும் அரசி சோன்யாவும் 1993-இல் தங்கள் வெள்ளி விழாத் திருமண நாளைக் கொண்டாடத் தேர்ந்தெடுத்த இடம் ஸ்காகஃப்ளோ. படகு கீழே பாறையில் இறக்கிவிடும், அங்கிருந்து செங்குத்தாக ஒரு மணி நேர ஏற்றம். மேலே போனால் புல் முளைத்த கூரையும், எதிரே ஏழு சகோதரிகளும். கெய்ராங்கரில் ஒரே ஒரு நடைக்குத்தான் தெம்பு என்றால் இதைச் செய்யுங்கள்.

மலை சரிந்து சுனாமி வரும் என்கிறார்களே, பயப்பட வேண்டுமா?

நடந்திருக்கிறது. 1934 ஏப்ரலில் டாஃபியோர்டில் மலைப்பக்கம் சரிந்து தண்ணீரில் விழுந்து, 60 மீட்டருக்கு மேல் அலை எழுந்து 40 பேர் இறந்தார்கள். இன்று கெய்ராங்கர் போகும் வழியிலுள்ள ஓகெர்னெஸ் என்ற மலைச்சரிவு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. அதனால் அங்கே கருவிகளைப் பதித்து இரவும் பகலும் அளந்துகொண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பெருஞ்சரிவு விழுவதற்கு முன் வேகம் பிடிக்கும், எனவே ஊர்களைக் காலி செய்ய முன்கூட்டியே அவகாசம் கிடைக்கும் என்பதுதான் ஏற்பாட்டின் அடிப்படை. பயணிக்கு இதைவிட நிஜமான ஆபத்து ஈரப்பாறையில் வழுக்குவது.

பெரிய உல்லாசக் கப்பலில் போனால் எல்லாம் அடங்கிவிடாதா?

அடங்கிவிடும். சாப்பாடு, அறை, ஃபியோர்டு எல்லாம். கரையில் ஐந்தாறு மணி நேரம் கிடைக்கும், அது போதும் என்றால் சரி. கெய்ராங்கரில் நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 250 பேர். ஒரே கப்பலிலிருந்து அதைப்போலப் பத்துப் பங்கு ஆட்கள் இறங்கும் நாள் உண்டு. புகையும் ஒரு பிரச்சினை. 2026 முதல் உலக மரபுரிமை ஃபியோர்டுகளுக்குள் 10,000 டன்னுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்கள் புகையில்லாமல்தான் வர வேண்டும், பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நேரோய்ஃபியோர்டில் 2018 முதலே முழு மின்படகு ஓடுகிறது. இயந்திரச் சத்தம் இல்லாததால் அருவிச் சத்தம் காதில் விழும். கப்பல்தான் வேண்டும் என்றால், பெர்கனிலிருந்து வடகோடி ஷிர்கெனஸ் வரை ஊர் ஊராக நின்று சரக்கும் ஆட்களும் ஏற்றும் கரையோரக் கப்பல் இருக்கிறது. 1893-இல் தொடங்கிய சேவை. அதில் இரண்டு துறைமுகத்துக்கு நடுவே மட்டும்கூட ஏறி இறங்கலாம்.

நார்தன் லைட்ஸும் சேர்த்துப் பார்க்க முடியுமா?

ஒரே பயணத்தில் கோடை ஃபியோர்டும் வட துருவ ஒளியும் கிடைக்காது. கோடையில் வடக்கே இருட்டே வராது, ஒளி தெரிய இருட்டு வேண்டும். செப்டம்பர் கடைசியில் லோஃபோடன் தீவுகளுக்குப் போனால் இரண்டுக்கும் ஓரளவு வாய்ப்பு உண்டு. அங்கே மலைகள் கடலிலிருந்து நேராக எழும்பும். காலடியில் சிவப்பு மீனவர் குடில்கள். பிப்ரவரியிலிருந்து வசந்தம் வரை காட் (cod) மீன் குளிர்காலக் காற்றில் காய மரச்சட்டங்களில் தொங்கும். கருவாட்டு வாடைக்குப் பழகிய நமக்கு அது பெரிய விஷயமில்லை. அங்கிருந்தும் வடக்கே, ஃபின்மார்க் மாவட்டத்தின் மீன் பதனிடும் ஆலைகளில் 1980-களில் வந்த ஈழத்தமிழர்கள் பலர் வேலை பார்த்தார்கள். பிறகு பெரும்பாலோர் ஓஸ்லோ பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

கூடாரம் போட்டுத் தங்கலாமா? ஃபியோர்டில் குளிக்கலாமா?

கூடாரம் போடலாம். 1957-ஆம் ஆண்டின் சட்டப்படி பயிரிடாத நிலத்தில் யாரும் நடக்கலாம், தங்கலாம். அருகிலுள்ள வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். கூட்டம் அதிகமான சில இடங்களில் தனிக் கட்டுப்பாடு உண்டு, பலகையைப் பாருங்கள்.

குளிக்கவும் தடையில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் ஜூலையில் படகுத்துறையிலிருந்து குதிப்பார்கள். அவர்கள் குதிப்பதைப் பார்த்துவிட்டு நீங்களும் குதித்தால், கரையேறும் ஏணி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்குமேல் உள்ளே நிற்கத் தோன்றாது.